அம்மாவின் வலது கை

கோபத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெட்டைக்கு மூச்சு மாஸ்டரை முதலில் ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்காதவன் ஏமாற்றினால் ஊரைக் கூட்டித் திட்டலாம். பிடித்தவன் ஏமாற்றினால், அவனை நம்பிய நம்மையும் சேர்த்தல்லவா திட்ட வேண்டியிருக்கிறது?

பல்கலைக்கழகத்தில் அந்த வருடம் புதிதாக ஓர் ஏற்பாடு. வெளியே பேர் பெற்ற நவீன நடனக் குழு ஒன்றின் இயக்குநர் சனிக்கிழமைதோறும் வருவார், மாணவர்களோடு சேர்ந்து ஒரு நிகழ்ச்சியை உருவாக்குவார், மூன்று மாதம் கழித்துப் பெரிய அரங்கில் அதை மேடையேற்றுவார்கள். எண்பது பேர் பெயர் கொடுத்ததில் பதினான்கு பேரை எடுத்தார்கள். அதில் ஒருத்தி நெட்டை. கணிதத்துறை இரண்டாம் ஆண்டு. வகுப்பில் எல்லாரையும்விட ஒரு சாண் உயரம். எந்தப் புகைப்படத்திலும் கடைசி வரிசை. இயக்குநருக்கு மூச்சு மாஸ்டர் என்று பெயர் வைத்தது அவளுடைய தோழி சுருள். மூச்சு விடுங்க, மூச்சை இடுப்புக்கு அனுப்புங்க, மூச்சு வந்தா அசைவு தானா வரும் என்று மனிதர் மணிக்கு நாற்பது தடவை சொல்வார். "இத்தனை நாள் நாம என்ன மூச்சு விடாமலா இருந்தோம்?" என்பாள் சுருள்.

முதல் சனிக்கிழமையே மாஸ்டர் எல்லாரையும் மரத்தரையில் வட்டமாக உட்கார வைத்தார்.

"இங்க பெரியவன் சின்னவன் கிடையாது. நான் ஸ்டெப் சொல்லிக் குடுத்து நீங்க ஆடறதுக்காக நான் வரலை. நாம சேர்ந்து செய்யப்போறோம். அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு அசைவு கொண்டு வாங்க. வீட்டுல தினம் பார்க்கற அசைவு. அழகா இருக்கணும்னு இல்ல, உண்மையா இருந்தா போதும்."

அடுத்த வாரம் ஒருவன், வாசலில் சாவியைத் தேடிப் பை பையாகத் துழாவும் அப்பாவைக் கொண்டுவந்தான். சுருள், அலாரத்தை அறைந்துவிட்டுத் தூங்கும் தன் அக்காவைக் கொண்டுவந்தாள். நெட்டை கொண்டுவந்தது அம்மாவின் வலது கையை.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான நீள உருளைக்குள் விட வேண்டும். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முனை. ஈர விரிப்பைத் தலைக்கு மேலே வீசி உதறி, சுருக்கமில்லாமல் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்நூறு விரிப்பு, பதினெட்டு வருடம். போன வருடம் வலது தோள் இறுகிப்போய்விட்டது. கை மார்புக்கு மேலே எழவே எழாது.

இது வேலையிடத்தில் ஒருவருக்கும் தெரியாது. கை எழாதவர்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுவார்கள். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியை, ரத்தமும் சீழுமாக, கையால் பிரித்துப் போடுகிற ஜன்னல் இல்லாத அறை அது. கீழே போனவர்கள் திரும்பி மேலே வந்ததாகச் சரித்திரமில்லை. அதனால் அம்மா, ஃபேன் காற்று தலையில் அடிக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லிக் கூட்டாளியோடு இடம் மாற்றிக்கொண்டு, இடது கையால் வீசப் பழகிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் அம்மாவிடம் கேட்க வேண்டும்.

வீட்டில் மறைக்க வேண்டியதில்லை. சமையலறைச் சுவரில் வலது கை விரல்களை எறும்பு ஏறுவதுபோல மெல்ல மெல்ல ஏற்றுவாள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. பிள்ளைகளின் உயரம் குறிப்பதுபோல இருக்கும். ஆனால் பிள்ளைகள் வளருவார்கள், இந்தக் கோடுகள் ஒரு வாரம் ஏறினால் மறுவாரம் இறங்கும். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க வேண்டுமென்றால், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, உடம்பை ஒரு சுழற்றுச் சுழற்றிக் கையை மேலே எறிவாள். சில நாள் தட்டைத் தொடும். தொடாமல் விழுந்தால், "சனியனே" என்று கையைத் திட்டுவாள், யாரோ மூன்றாம் மனுஷியைத் திட்டுவதுபோல.

நெட்டை அதை ஆடிக் காட்டினாள். சுவர் இல்லாத இடத்தில் விரல்கள் ஏறின, நின்றன, விழுந்தன. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் நம்ம நிகழ்ச்சிக்கு முதுகெலும்பு," என்றார். "இதை மூணு நிமிஷமா வளர்த்துக் குடு."

அவள் வளர்த்தாள். சாதாரணமாக வளர்க்கவில்லை, நூலக மொட்டை மாடியில், பேருந்து நிறுத்தத்தில், கணக்கு வகுப்பின் கடைசி பெஞ்சில்கூட வளர்த்தாள். இந்த நடனத்தின் உயிர் வலது கையில் இல்லை, இடது கையில் இருக்கிறது என்று ஐந்தாவது வாரம் கண்டுபிடித்தாள். காலமெல்லாம் எடுபிடியாக இருந்த இடது கை, திடீரென்று பெரியவரைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தூக்கவும் தெரியாது, விடவும் தெரியாது. அந்தத் தடுமாற்றம்தான் நடனம். அதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அம்மாவிடம் சொல்லவில்லை. மேடையில் பார்க்கட்டும், அப்படியே அசந்து போகட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

எட்டாவது வாரம் மாஸ்டர் அதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். ஒத்திகை அறை குறுகல். நெட்டையின் முழு உயரமும் போன் திரைக்குள் அடங்கவில்லை. எனவே சுருள், சுவர் முழுக்க இருந்த கண்ணாடியில் தெரிந்த நெட்டையைப் படம் பிடித்து அனுப்பினாள்.

பத்தாவது வாரம் மாஸ்டரின் குழுவிலிருந்து பிரதான நடனக்காரி வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அறை நடுவில் நின்று நெட்டையின் மூன்று நிமிடத்தையும் ஆடினாள். அவளுக்கு முதுகுத்தண்டு இருக்கிறதா என்று சந்தேகம் வரும், அப்படி ஓர் உடம்பு. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நெட்டைக்கு மட்டும் உள்ளங்காலில் பிடித்த நெருப்பு உச்சிக்கு ஏறியது.

"மாஸ்டர், இது நான் ஆடறதுதானே?"

"நீதான் குடுத்தே. யாரு இல்லேன்னா? ஆனா பெரிய அரங்கம்மா. கடைசி வரிசைக்குப் போய்ச் சேரணும்னா பழகின உடம்பு வேணும். உனக்கு நான் வேற இடம் வெச்சிருக்கேன். முக்கியமான இடம். உன் உயரம்தான் எனக்கு வேணும்."

முக்கியமான இடம் என்னவென்றால், சுவர். பதினான்கு மாணவர்களும் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி வரிசையாக அசையாமல் நிற்க வேண்டும். உயரமானவள் என்பதால் நெட்டை நடுவில். அவள் முதுகில்தான் பிரதான நடனக்காரியின் விரல்கள் எறும்புபோல ஏறும்.

முதல் ஒத்திகையில் விரல்கள் இடுப்பில் தொடங்கி மேலே வந்தபோது நெட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று கோபத்தில் கவனிக்கவில்லை, ஏறியது இடது கை.

"அக்கா, அது வலது கை," என்றாள், திரும்பாமலே.

"வீடியோல இடது கைதான்மா. நான் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்."

சுருளுக்குத்தான் முதலில் விளங்கியது. "ஐயோ, கண்ணாடி!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினாள். "பின்னாடி பாருங்க மாஸ்டர், கடிகாரம் தலைகீழா ஓடுது. எல்லாமே பக்கம் மாறியிருக்கு."

மாஸ்டர் ஒரு நொடி திரையைப் பார்த்தார். தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அது முகத்தில் தெரிந்தது. பெரிய மனிதர்களுக்குத் தப்பு தெரிந்த மறு நொடியே அது ரசனையாகிவிடும் போலிருக்கிறது.

"லைட் எல்லாம் இந்தப் பக்கத்துக்கு வெச்சாச்சு. எனக்கு இடதுதான் அழகா இருக்கு. எந்தக் கையா இருந்தா என்ன? பார்க்கறவங்களுக்கா தெரியப்போகுது?"

"தெரியும் மாஸ்டர். வலது கைக்காரங்களுக்கு இடது தோள் போனா, பழகின வலது கைதான் தூக்கும். அதுல தடுமாற்றமே வராது. வெறும் அழகாத்தான் இருக்கும்."

"அழகா இருக்கறது ஒரு குறையா?" என்று சிரித்தார் மாஸ்டர். "மூச்சு விடு."

நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது நிகழ்ச்சிக் குறிப்பு அச்சாகி வந்தது. கருத்து, நடன அமைப்பு, ஆக்கம், இயக்கம் எல்லாவற்றுக்கும் எதிரே மாஸ்டரின் பெயர். பிரதான நடனம் என்பதற்கு எதிரே அந்த அக்காவின் பெயர். கடைசியில் சின்ன எழுத்தில், 'மற்றும் பல்கலைக்கழக மாணவர்கள்.'

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!" என்று நெட்டை அந்தத் தாளைக் கசக்கி எறிந்தாள். "அடுத்தவன் வீட்டு நெய்னா தாராளமா ஊத்துவாரு, பேரு மட்டும் அவருக்கு."

ஏற்பாட்டைக் கவனித்துக்கொண்ட பேராசிரியையிடம் போனாள். அவர் மின்னஞ்சலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுவிட்டு, "அவரு வந்ததே பெரிசு. அடுத்த வருஷமும் வரவைக்கணும். உன் அசைவை அவரு எடுத்துக்கிட்டாருன்னா அதைப் பெருமையா நினைக்கணும்," என்றார்.

"பெருமைன்னா பேரோட வரட்டும் மேடம்."

"நிகழ்ச்சி முடிஞ்சு கலந்துரையாடல் இருக்கு. அங்க பேசு," என்று பேராசிரியை கதவைக் காட்டினார். ஒப்புக்குத்தான் சொன்னார். நெட்டை அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாயிரம் இருக்கை உள்ள அரங்கில், ஒலிவாங்கியில், இது நான் செய்தது என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். ஐந்து நாளும் குளிக்கும்போதுகூட அதையே சொல்லிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. ஆளுக்கு இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். திரை இடுக்கில் எட்டிப் பார்த்தபோது அம்மா ஆறாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் யார் என்று பார்த்தால், சலவைக்கூட மேற்பார்வையாளர்! பெண் ஆடுவதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள, அம்மா தன் மேலதிகாரியையே அழைத்து வந்துவிட்டாள். அப்போதாவது நெட்டைக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கோபம் கண்ணை மறைக்கும் என்பது சும்மா சொல்லி வைத்ததில்லை.

சுவராக நின்றாள். இடது கை விரல்கள் முதுகில் ஏறின. பின்னால் என்ன நடக்கிறது என்று அவளால் பார்க்க முடியாது. அம்மாவால் பார்க்க முடியும் என்பது மட்டும் தெரியும். விரல்கள் தோள்வரை வந்து வழுக்கி விழும்போதெல்லாம், தன் சட்டையை யாரோ போட்டுக்கொண்டு தன்னையே வந்து உரசுவதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

கலந்துரையாடலுக்கு மேடையில் நாற்காலி போட்டார்கள். மாஸ்டருக்கும் பிரதான நடனக்காரிக்கும் நாற்காலி, மாணவர்களுக்குத் தரை. இந்தக் கை அசைவு எங்கிருந்து வந்தது என்று முதல் கேள்வி.

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "எங்கம்மா ஞாபகம். சின்ன வயசுல அவங்க சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுக் கையைத் தூக்கறதைப் பார்த்திருக்கேன். அது எனக்குள்ள தங்கிப்போச்சு. அங்கேருந்துதான் இது பிறந்துச்சு."

நெட்டை எழுந்தாள். ஐந்து நாள் பாடம் பண்ணியதெல்லாம் பறந்துவிட்டது. "பொய்! அது எங்கம்மா கை. நான் செஞ்ச நடனம் அது!" என்று கத்தினாள்.

அரங்கம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. மாஸ்டர் மட்டும் பதறவில்லை. அன்பு வழியத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"பாருங்க! இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இந்த நடனத்தைப் பார்க்கிற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க அம்மாவைப் பார்க்கிறாங்க. இது என்னோட அம்மான்னு கோபப்படற அளவுக்கு உரிமை கொண்டாடறாங்க. ஒரு கலைஞனுக்கு இதைவிட என்ன வேணும்?"

கைதட்டினார்கள். அவள் எறிந்த கல்லை எடுத்து மனிதர் மோதிரத்தில் பதித்துக்கொண்டார். நெட்டையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வேற கேள்வி இருக்கறவங்க கையைத் தூக்குங்க, மைக் வரும்," என்றார் பேராசிரியை அவசரமாக.

ஆறாவது வரிசையில் அம்மா எழுந்து நின்றாள். பழக்க தோஷமோ, வேண்டுமென்றேயோ, வலது கையைத் தூக்கப் போனாள். அது மார்போடு நின்றது. இடது கை வந்து முழங்கையைத் தாங்கியது, நழுவவிட்டது, மறுபடி தாங்கியது. உடம்பு ஒரு சுழற்றுச் சுழன்றது. கை மேலே போனது, நிற்காமல் விழுந்தது. அவள் மறுபடியும் தூக்கினாள்.

இரண்டாயிரம் பேரும் பார்த்தார்கள். மேற்பார்வையாளர், பக்கத்தில் உட்கார்ந்தபடி, அந்தத் தோளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் வந்தது.

"நான் அந்த நெட்டைப் பொண்ணோட அம்மா. நீங்க காட்டினது இந்தக் கை. ஆடின பொண்ணு நல்லாத்தான் ஆடினா, குறை சொல்லலை. ஆனா இடது கை போனாச் சமாளிச்சுக்கலாம் சார். வலது போனாத்தான் தெரியும்." மேடையை நேராகப் பார்த்தாள். "உங்கம்மா கைன்னீங்களே, அவங்களுக்கு எந்தக் கை சார்?"

மாஸ்டர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அது... ஞாபகத்துல... வந்து..." என்றார். ஊருக்கெல்லாம் மூச்சு விடச் சொன்னவருக்கு அப்போது மூச்சு வந்ததாகத் தெரியவில்லை. சுருள்தான் முதலில் கைதட்டினாள். பிறகு மாணவர்கள், பிறகு மாடி வரிசை, பிறகு எல்லாரும்.

நெட்டை மேடையிலிருந்து குதித்து ஓடினாள். ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். அம்மா அவளைப் பார்க்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது.

"ஏம்மா பேச மாட்டேங்கறே? அவன் மூஞ்சியைப் பார்த்தியா? செத்தான்!"

"அவன் கிடக்கான்," என்றாள் அம்மா. "நாளைக்கு என்னைக் கீழே அனுப்பிடுவாங்க. அந்தம்மா எழுந்து போகும்போது, 'எத்தனை நாளா இப்படி?'ன்னு கேட்டுட்டுப் போச்சு."

"அப்ப ஏன் தூக்கினே?"

"தூக்காம? என் பொண்ணை மேடையில நிக்கவெச்சு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கறான். மடியில கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?" அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "அவனைச் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லு. எத்தனை மாசமா இதை ஆடறே?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா ஊரார் முன்னாடி, கண்ணாடி முன்னாடி, என் கையை விழ விழ ஆடிக் காட்டியிருக்கே. வீட்டுக்கு வந்தா என் பக்கத்துல உக்காந்து சோறு தின்னிருக்கே. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நான் செத்துக்கிட்டிருக்கறது உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"உனக்குச் சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"என் வலி எனக்கே சர்ப்ரைஸா?" அம்மா அவளை நேராகப் பார்த்தாள். "ஊரான் வீட்டு நெய்னு அந்தாளைத் திட்டினியாம், வெளிய வரும்போது உன் தோழிதான் சிரிச்சுக்கிட்டே சொன்னா. நெய் யார் வீட்டுதுடீ? உன் வீட்டுதா?"

பேருந்து வந்தது. இரண்டு பேரும் ஏறி, வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை அம்மாவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். சமையலறைச் சுவரில் பென்சில் கோடுகள் இல்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்த தடம் மட்டும் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பேராசிரியை போனில் கூப்பிட்டார். குரலில் தேன் வடிந்தது. எல்லாரும் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். அடுத்த மாதம் வெளியூரில் மறு நிகழ்ச்சி. அந்த மூன்று நிமிடத்தை நெட்டையே ஆடுவாள், வலது கையால். விளக்குகளை மாற்றி வைப்பார்கள். நடன அமைப்பு என்ற இடத்தில் அவள் பெயர், பெரிய எழுத்தில். மாஸ்டரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கேட்காததும் கிடைத்திருந்தது. "பத்து நிமிஷத்துல கூப்பிடறேன் மேடம்," என்று நெட்டை போனை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அம்மா. உன் கையை நான் ஆடட்டுமா?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "வேண்டாம்."

"உன் பேரையும் போடச் சொல்றேன்மா. எங்கம்மாகிட்டேருந்து எடுத்ததுன்னு..."

"வலிக்கிறது எனக்கு. அதுக்குக் கைதட்ட நான் யாரையும் கூப்பிடலை. வேண்டாம்னா வேண்டாம்."

நெட்டைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எவ்வளவு பாடுபட்டோம், எத்தனை நாள், இந்த ஒரு சொல்லுக்காகவா? வாய்வரை வந்ததை விழுங்கினாள். அதே வார்த்தைகளை மாஸ்டரும் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. கூடத்துக்குப் போய்ப் பேராசிரியையைக் கூப்பிட்டாள்.

"ஆட முடியாது மேடம். அவரும் ஆடவைக்கக் கூடாது. வேற யாரும் ஆடக் கூடாது."

"பைத்தியமா உனக்கு? இதுக்குத்தானே சண்டை போட்டே?"

"எங்கம்மாகிட்ட கேட்டேன் மேடம். தர மாட்டேன்னுட்டாங்க."

"அம்மாதானே? பேசிச் சம்மதிக்க வை. அந்த மூணு நிமிஷம் இல்லேன்னா நிகழ்ச்சியே இல்லைங்கறாரு அவரு. அந்த இடத்துல அவரு என்னதான் செய்வாரு?"

"மூச்சு விடச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு நெட்டை போனை வைத்தாள்.

உள்ளே டப்பா ஒன்று தடாலென்று தரையில் விழுந்தது. "சனியனே," என்றாள் அம்மா. நெட்டை எழுந்து போனாள். அம்மாவின் கை இருந்த பக்கம் பார்க்காமல், குனிந்து டப்பாவை எடுத்து மேல் தட்டில் வைத்தாள்.